அடி கேட்கிறது, சொல் கேட்கவில்லை!

வீட்டில் பதிவாகும் பாட்டில் குரலை மீட்பது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர் பகுதிகளில் ஒலிபெருக்கி ஓயாது. தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் என்று தமிழர் வாழும் இடமெல்லாம் கூழ் வார்ப்பும் அம்மன் பாட்டும்தான். ஒரு காலத்தில் அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் சென்னையில் பதிவாகி, கேசட்டாக ரயில் ஏறி வந்தவை. இன்று நிலைமை வேறு. பாட்டு எழுதுவதும், மெட்டுப் போடுவதும், பாடுவதும், பதிவு செய்வதும் இங்குள்ள இளைஞர்களே. ஒரு கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் வீடே ஸ்டூடியோ!

பக்திப் பாட்டு மட்டும் அல்ல. 'ராப்' எனப்படும் வேகப் பேச்சுப் பாட்டிலும் இந்த ஊர்த் தமிழ் இளைஞர்கள் பெயர் வாங்கியிருக்கிறார்கள். 2018-ல் வெளியான 'காலா' படத்தில், சந்தோஷ் நாராயணன் இசையில், தாராவியின் 'டோப்அடெலிக்ஸ்' குழுவினர் பாடியதை வாசகர்கள் அறிவார்கள்.

ஆனால், வீட்டில் தயாராகும் பாட்டுகள் பலவற்றில் ஒரு குறை இருக்கிறது. பம்பை முழங்குகிறது, உறுமி உறுமுகிறது, கீபோர்டு ஓடுகிறது, அடி நெஞ்சில் வந்து இடிக்கிறது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பது மட்டும் காதில் விழுவதில்லை!

குரலைக் கூட்டினால் தாளம் செத்துப்போகிறது. தாளத்தைக் கூட்டினால் குரல் அமுங்கிப்போகிறது. இரண்டையும் கூட்டினால் எல்லாமே கரகரக்கிறது. இதற்கு என்ன செய்வது? விலை உயர்ந்த மைக் வாங்க வேண்டுமா? பெரிய ஸ்டூடியோவுக்குப் போக வேண்டுமா?

இரண்டும் வேண்டாம். குரல் எழும்புவது கூட்டுவதால் அல்ல. மற்றதைக் குறைத்து வழி விடுவதால்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ரயில் நின்ற பிறகு பாட்டு

தமிழ்ச் சினிமாவின் முதல் குரலைப் பதிவு செய்தது இந்த மும்பை நகரம்தான். அர்தேஷிர் இரானி தயாரித்த இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-ந் தேதி இங்கே திரைக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வெளியான 'காளிதாஸ்' அவர் தயாரித்த படமே. எச். எம். ரெட்டி இயக்கத்தில் டி. பி. ராஜலட்சுமி நடித்த அந்தப் படமும் மும்பையில்தான் உருவாயிற்று.

'ஆலம் ஆரா' எடுத்த ஸ்டூடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் போகும். கதவைச் சாத்தினாலும் சத்தம் நிற்காது. எனவே ரயில் போக்குவரத்து ஓய்ந்த பிறகு, நள்ளிரவு 1 மணி முதல் 4 மணி வரை படம் பிடித்தார்கள். மைக்குகளை நடிகர்கள் அருகே காமிராவுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தார்கள்.

ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்த வந்த வெளிநாட்டு நிபுணருக்கு அன்றாடம் 100 ரூபாய் சம்பளம். அந்நாளில் அது பெரிய தொகை. கட்டுப்படியாகாததால் இரானியும் ருஸ்தம் பரூச்சாவும் அவரிடமே தொழிலைக் கற்றுக்கொண்டு தாங்களே பதிவு செய்தார்கள். இன்று கைபேசியைப் பார்த்துத் தாமாகவே தொழில் கற்கும் இளைஞர்களுக்கு இவர்கள்தான் முன்னோடிகள் என்றால் மிகையாகாது.

அந்தக் கருவியில் படமும் ஒலியும் ஒரே பிலிமில், ஒரே நேரத்தில் பதிவாகும். பின்னால் குரலைத் தனியாகக் கூட்டவோ, தபேலாவைத் தனியாகக் குறைக்கவோ வழி கிடையாது. அப்படியானால் கலவை எப்படி நடந்தது? தூரத்தால்தான்! பாடுகிறவர் மைக்குக்குப் பக்கத்தில், வாத்தியக்காரர் தள்ளி. ஒலி எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், திறந்த வெளியில் ஒலியின் அளவு 6 டெசிபல் குறையும். இதுதான் ஒலிக் கலவையின் முதல் பாடம். இன்றைக்கும் இது மாறவில்லை.

பல தடப் பதிவு வந்த பிறகு குரலுக்கு ஒரு தடம், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு தடம் என்று பிரித்துப் பதியும் வசதி உண்டாயிற்று. வீட்டு ஸ்டூடியோவும் நமக்குப் புதிதல்ல. 1989-ல் சென்னையில் ஏ. ஆர். ரகுமான் தம் வீட்டுக் கொல்லையில் அமைத்த 'பஞ்சதன்' கூடத்திலிருந்துதான் 1992-ல் 'ரோஜா' பாட்டுகள் வந்தன. அவருடைய பாட்டுகளைக் கலந்து பதிந்த எச். ஸ்ரீதர் ஒலிப்பதிவுக்குத் தேசிய விருதுகள் பல பெற்றவர். கொல்லைப்புறத்துக் கூடமானாலும், கலப்பவர் காது தேர்ந்ததாக இருந்தால் உலகமே கேட்கும் என்பதற்கு இது சான்று.

பத்துக்குப் பத்து அறை

தாராவி ஒரு பக்கம் மத்திய ரயில்வேயின் சயானுக்கும், மறு பக்கம் மேற்கு ரயில்வேயின் மாகிமுக்கும் நடுவே கிடக்கிறது. பகலில் சத்தம் இல்லாத நேரம் ஏது? 1931-ல் இரானி தேர்ந்தெடுத்த அதே பின்னிரவு நேரம்தான் வீட்டில் பாட்டுப் பதிபவர்களுக்கும் கைகொடுக்கும்.

மைக்கின் முகம் பாடுகிறவரைப் பார்க்க வேண்டும். முதுகு ஜன்னலைப் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பாட்டுக்குப் பயன்படும் மைக் முன்னால் வரும் ஒலியையே அதிகம் வாங்கும். பின்னால் வருவதை ஒதுக்கும். எனவே கம்பளியோ மெத்தையோ தொங்கவிட வேண்டிய இடம் மைக்குக்குப் பின்னால் அல்ல. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால்! அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலிதான் மைக்கின் முகத்தில் போய் விழுகிறது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பெரிய பலன் இல்லை. கனமான துணி மேல்.

வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஒட்டிப் பாடினால் குரலில் கனம் கூடும், சொல் மங்கும். 'ப' எழுத்து வரும்போது வாயிலிருந்து கிளம்பும் காற்று மைக்கில் 'டப்' என்று மோதும். மைக்கைச் சற்றே பக்கவாட்டில் திருப்பலாம். அல்லது எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணியை இழுத்துக் கட்டி இடையில் நிறுத்தலாம்.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நீளமும் அகலமும் பத்தடியாக உள்ள சதுர அறையில், சுமார் 56 ஹெர்ட்ஸ் அளவுள்ள கனத்த ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றுவிடும். சுவர் ஓரத்தில் அது இடியாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமலே போகும்! நடுவில் உட்கார்ந்து கலப்பவர், 'அடி போதவில்லை' என்று எண்ணி அடியைக் கூட்டிக்கொண்டே போவார். அதே பாட்டைத் தெருவில் ஒலிபெருக்கியில் போட்டால் அடி மட்டும்தான் கேட்கும். குரல் மூழ்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஸ்பீக்கரில் கலப்பவர் நடுவை விட்டுச் சற்று முன்னே தள்ளி உட்கார வேண்டும். அவ்வப்போது ஹெட்போனிலும் சரிபார்க்க வேண்டும்.

எல்லோரும் ஒரே வாசலில் ஏறினால்?

காலை நேர லோக்கல் ரயிலைத் தாதரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெட்டிக்கு வாசல்கள் பல உண்டு. கூட்டம் முழுவதும் ஒரே வாசலில் முண்டினால் யாருமே ஏற முடியாது. அதில் மெலிந்தவர்தான் முதலில் வெளியே தள்ளப்படுவார்.

பாட்டிலும் இதே கதைதான். ஒலிக்கு அடித்தளம், நடுத்தளம், மேல்தளம் என்று பல வாசல்கள். கனத்த அடி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறுகிறது. குரலின் உடல் 100-லிருந்து சில நூறு ஹெர்ட்ஸ் வரை. சொல்லின் தெளிவு 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. 'ஸ', 'ஷ' போன்ற சீறல் அதற்கும் மேலே. கீபோர்டு, கிட்டார், பறையின் சிம்புக் குச்சி எழுப்பும் 'சுளீர்' ஆகியவையும் அந்தச் சொல்லின் வாசலிலேயே வந்து முண்டுகின்றன. அங்கேதான் குரல் நசுங்குகிறது.

இதற்குப் பரிகாரம், ஈக்வலைசர் கொண்டு ஆளுக்கொரு வாசல் ஒதுக்குவது. குரல் தடத்தில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடலாம். அங்கே இருப்பது மின்விசிறியின் இரைச்சலும் ரயிலின் அதிர்வும்தான். குரல் பானைக்குள் பேசுவதுபோல் இருந்தால் 200-க்கும் 400-க்கும் நடுவே இரண்டு மூன்று டெசிபல் குறைக்க வேண்டும். பிறகு குரலை விட்டுவிட்டு, கீபோர்டுத் தடத்திலும் தாளத் தடத்திலும் 2,000 முதல் 4,000 வரை இரண்டு மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். குரலின் அளவைத் தொடாமலே அது ஓரடி முன்னால் வந்து நிற்கும்!

இணையத்திலிருந்து இறக்கிய தாளத்தில் எல்லா வாத்தியமும் ஒரே தடமாகச் சேர்ந்திருக்கும். அப்போதும் வழி உண்டு. குரல் ஒலிக்கும் நேரத்தில் மட்டும் அந்தத் தடம் தானாக இரண்டு டெசிபல் இறங்கும்படி கருவியை அமைக்கலாம். குரல் நின்றதும் தாளம் பழைய உயரத்துக்கு வந்துவிடும். கேட்பவருக்கு மாற்றம் தெரியாது; சொல் மட்டும் தெரியும்.

ழகரம் எங்கே போகிறது?

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ல, ள, ழ மூன்றையும் காது வேறு பிரித்து அறிவது நாக்கு வளையும் விதத்தால் உண்டாகும் நுட்பமான ஒலி அடையாளத்தால். அந்த அடையாளம் பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. அந்த வாசலை வாத்தியம் அடைத்துக்கொண்டால் வாழையும் வாளையும் ஒன்றாகிவிடும். மழை பெய்கிறதா, மலை நிற்கிறதா என்றே தெரியாது!

சென்னையில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. தெருவில் இறங்கினால் தமிழ் காதில் விழும். மும்பையில் அப்படியா? பள்ளியில் இங்கிலீஷ், கடைத்தெருவில் இந்தி, அலுவலகத்தில் மராத்தி. மராத்தியில் ளகரமாவது உண்டு. இந்தியில் அதுவும் இல்லை. ழகரமோ இரண்டிலும் கிடையாது. வீட்டுக்கு வெளியே நம் பிள்ளைகளின் காதில் விழும் தமிழில் பெரும்பங்கு பாட்டுதான். அந்தப் பாட்டிலும் எழுத்து அமுங்கிப்போனால் பிள்ளை எதைக் கேட்டுக் கற்றுக்கொள்ளும்?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் வழக்கமாகக் கடைசியில் வரும். பாடுகிறவரின் மூச்சு தீர்வதும் அங்கேதான். 'வந்தாள்' என்றாரா, 'வருவாள்' என்றாரா என்பது வரியின் கடைசியில் தேய்ந்துபோகும். பொருளே அதில்தானே இருக்கிறது? எனவே பாட்டு முழுவதையும் ஒருமுறை வரிவரியாகக் கேட்டு, அமுங்கிய கடைச் சொல்லை மட்டும் ஒன்று, இரண்டு டெசிபல் கையால் தூக்கிவிட வேண்டும். ஒரு மணி நேர வேலை. எந்தக் கருவியும் இதை இவ்வளவு நன்றாகச் செய்யாது.

'குத்து' எங்கிருந்து வருகிறது?

இளைஞர்கள் கேட்பது 'பஞ்ச்'. நம் ஊர்ச் சொல்லில் குத்து. குத்துப் பாட்டு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். ஆனால், குத்து என்பது வெறும் சத்தம் அல்ல. அமைதிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசமே குத்து. ஓங்கிய கை கீழே இறங்கினால்தான் அடி விழும்; ஓங்கியபடியே நின்றால் விழுமா?

கம்ப்ரசர் என்ற கருவி ஒலியின் மேடு பள்ளத்தைச் சமன்படுத்தும். குறித்த வரம்பைக் குரல் 6 டெசிபல் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் வைத்தால், அந்த 6 டெசிபல் 2 ஆகக் குறையும். உரத்த சொல் அடங்கும். பிறகு மொத்தத்தையும் சற்றுத் தூக்கினால் மெல்லிய சொல்லும் மேலே வரும்.

பலர் தவறுவது நேரக் கணக்கில்தான். கருவி உடனே பாய்ந்து அமுக்கினால் சொல்லின் முதல் எழுத்தே வெட்டுப்படும். பறையிலும் அடியின் தலை போய் வால்தான் மிஞ்சும். 10 முதல் 30 மில்லி செகண்டு தாமதித்து அமுக்கச் சொன்னால் 'க', 'ட', 'த' போன்ற வல்லெழுத்துகள் தப்பித்து முன்னால் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் அமுக்கம் விழும். குரலில் உள்ள குத்து இதுதான்!

இன்னும் கனம் வேண்டும் என்றால், குரல் தடத்தைப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் பலமாக அமுக்கி, அசலுக்கு அடியில் மெல்லச் சேர்க்கலாம். அசலின் உயிர் கெடாது. அடியில் ஒரு தாங்கல் கிடைக்கும்.

எதிரொலியில் எச்சரிக்கை வேண்டும். பக்திப் பாட்டு என்றாலே குரலைக் கோயில் மண்டபத்துக்குள் தள்ளிவிடுகிறார்கள். எதிரொலி சேர்ந்தால் குரல் பின்னால் போகும். சொல் ஒலித்து 20 முதல் 40 மில்லி செகண்டு கழித்து எதிரொலி தொடங்கும்படி வைத்தால், மண்டபமும் இருக்கும். அம்மன் பெயரும் தெளிவாகக் கேட்கும்.

உயரக் கம்பியில் இடிக்காதீர்கள்!

மின்சார ரயில் ஓடும் பாதையில், லெவல் கிராசிங்குக்கு இருபுறமும் ஓர் உயரக் கம்பி இருக்கும். லாரியில் பாரம் அதற்கு மேலே இருந்தால் இடிக்கும். கணினிப் பதிவிலும் அப்படி ஒரு கம்பி உண்டு. அதன் பெயர் பூஜ்ய டெசிபல். ஒலி அதைத் தொட்டால் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பைப் பின்னால் முழுமையாக நீக்க முடியாது. பாடும்போதே உச்ச அளவு பூஜ்யத்துக்குக் கீழே 6 முதல் 12 டெசிபல் வரை இருக்கட்டும். பதிவு மெலிதாக இருக்கிறதே என்ற பயம் வேண்டாம், பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

'என் பாட்டு மற்றவர் பாட்டைவிட உரக்கக் கேட்க வேண்டும்' என்று கம்பி வரை அமுக்கித் தள்ளுவோர் உண்டு. இன்று அதனால் லாபம் இல்லை. யூடியூப், ஸ்பாட்டிஃபை போன்றவை அளவுக்கு மீறி உரத்த பாட்டைத் தாமே குறைத்துவிடுகின்றன. ஸ்பாட்டிஃபையின் வழக்கமான அளவு 'மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ்.' அதைவிட உரக்கத் தள்ளிய பாட்டு கீழே இறக்கப்படும்போது, நசுங்கிய தாளம் நசுங்கியபடியே இறங்கும். அடக்கமாகக் கலந்த பாட்டோ குத்துக் குறையாமல் நிற்கும்.

உரக்க வைத்துக் கலப்பதும் ஏமாற்றும். ஒலி மெலியும்போது கனத்த சத்தங்கள் நம் காதுக்குச் சீக்கிரம் மறைந்துபோகின்றன என்று 1933-லேயே பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். உரக்க வைத்தால் எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றும். இருவர் பேசிக்கொள்ளும் அளவில் வைத்துக் கலந்தால்தான் உண்மை தெரியும்.

செலவில்லாத சோதனை

கடைசியாக, காசு செலவில்லாத இரண்டு சோதனைகள்.

முதலாவது, பாட்டைக் கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் போடுங்கள். அதில் கனத்த அடி வராது. அடியை நம்பிய பாட்டு அங்கே எலும்புக்கூடாக நிற்கும். அதிலும் குரலும் தாளமும் இருக்கிறது என்றால் கலவை சரி.

இரண்டாவது, பாட்டை எழுதியவரும் பாடியவரும் கலந்தவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அவர்களுக்கு வரிகள் மனப்பாடம். கேட்காத சொல்லும் கேட்டதுபோல் இருக்கும். பாட்டை முன்பின் கேட்டிராத வீட்டுப் பெரியவர் ஒருவரையும், பள்ளிப் பிள்ளை ஒருவரையும் உட்கார வையுங்கள். ஒரே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். காதில் விழுந்த வரிகளைப் பெரியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். தமிழ் எழுத வராத பிள்ளையானால் திருப்பிச் சொல்லட்டும்.

பெரியவர் தடுக்கிய இடத்தில் பழுது கலவையில் இருக்கிறது. பெரியவர் சரியாகச் சொல்லிப் பிள்ளை மட்டும் தடுக்கினால், அந்தச் சொல் வீட்டில் புழங்கவில்லை என்று பொருள். முதல் பழுதைக் கணினியில் தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்கப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். அதற்காகவாவது சொல் தெளிவாகக் கேட்க வேண்டாமா?